இங்கிலாந்தில் டிக்கெட் கவுண்டர்களை மூடும் திட்டம் ஏன் தோற்றது?

2023 ஜூலை 5 அன்று, இங்கிலாந்தில் பயணிகள் ரயில்களை இயக்கும் நிறுவனங்கள் தங்கள் நிலையங்களில் உள்ள டிக்கெட் கவுண்டர்களில் பெரும்பாலானவற்றை ஏறத்தாழ மூன்றாண்டுகளில் படிப்படியாக மூடப்போவதாக அறிவித்தன. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று அரசே தலையிட்டு, திட்டத்தைத் திரும்பப் பெறுமாறு அந்த நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இடைப்பட்ட நான்கு மாதங்களுக்குள், பயணிகளின் சார்பில் செயல்படும் இரண்டு அமைப்புகளுக்கு ஏறத்தாழ 7,50,000 கருத்துகள் வந்து குவிந்திருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆட்சேபங்கள்.

கைப்பேசியில் டிக்கெட் எடுக்கும் பழக்கம் வேரூன்றிவிட்ட ஒரு நாட்டில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கும் பழைய ஏற்பாட்டுக்காக இத்தனை பேர் ஏன் எழுதினார்கள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புதிராகத் தோன்றும். பழமையின் மீதுள்ள பற்று என்றும், தொழிற்சங்கங்களின் தூண்டுதல் என்றும் அப்போது சொல்லப்பட்ட விளக்கங்கள் போதுமானவை அல்ல. மக்கள் காக்க முனைந்தது கவுண்டரை மட்டும் அன்று. அந்தக் கவுண்டரோடு சட்டப்படி பிணைந்திருந்த வேறொன்றையும் சேர்த்துத்தான். அது என்ன என்பதை அறிய, அந்நாட்டு ரயில்வேயின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

கவுண்டர் யாருடையது, முடிவு யாருடையது

இந்திய ரயில்வேயைப் போல ஒரே அமைப்பு எல்லாவற்றையும் நடத்தும் முறை பிரிட்டனில் 1990களின் நடுவில் முடிவுக்கு வந்தது. தண்டவாளம் ஓர் அமைப்பின் கையிலும், ரயில்களை ஓட்டும் பொறுப்பு பல தனியார் நிறுவனங்களின் கையிலும் பிரிந்தன. பெரும்பாலான நிலையங்களை, அவ்வழியே ரயில் ஓட்டும் ஏதேனும் ஒரு நிறுவனமே நடத்துகிறது. அங்குள்ள கவுண்டரும் ஊழியர்களும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். நார்தர்ன், சவுத் வெஸ்டர்ன் ரயில்வே, அவந்தி வெஸ்ட் கோஸ்ட் போன்ற பெயர்கள் இப்படி வந்தவையே. இந்நிறுவனங்களின் பொதுக் குரலாக ‘ரயில் டெலிவரி குரூப்’ என்ற கூட்டமைப்பு பேசுகிறது.

2020இல் கொரோனா தொற்றால் பயணிகள் வராமல் போனதும் இந்த ஏற்பாட்டின் பொருளாதாரம் மாறிவிட்டது. அதுவரை கட்டண வருவாயின் இலாப நட்டத்தை நிறுவனங்கள் சுமந்தன. அதன் பிறகு வருவாயும் செலவும் அரசின் கணக்குக்கு வந்தன, நிறுவனங்களுக்கு நடத்துகூலி மட்டும் கிடைத்தது. தொற்று தணிந்த பிறகும், வாரத்தின் ஐந்து நாளும் அலுவலகம் சென்றவர்கள் இரண்டு மூன்று நாள் மட்டும் செல்லத் தொடங்கியதால், வருவாய் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. செலவைக் குறைக்குமாறு போக்குவரத்துத் துறை அழுத்தம் கொடுத்தது. ஆகவே, அறிவிப்பு நிறுவனங்களின் பெயரில் வந்தாலும், அதன் பின்னணியில் அரசின் கருவூலம் இருந்தது. அமைச்சர்கள் இதை நிறுவனங்களின் முடிவு என்றே சொல்லி வந்தார்கள். பொறுப்பு யாருடையது என்ற தெளிவின்மையும் மக்களின் சினத்தைக் கூட்டியது.

12 விழுக்காடு என்ற எண்

திட்டத்துக்கு ஆதரவாக முன்வைக்கப்பட்ட முதன்மை வாதம் ஒரு புள்ளிவிவரம். 1990களின் நடுவில் எண்பது விழுக்காட்டுக்கும் மேலான டிக்கெட்டுகள் கவுண்டரில் விற்றன. 2023 வாக்கில் அது சராசரியாக 12 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. எனவே ஊழியர்களைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவந்து, நடைமேடையிலும் நுழைவாயிலிலும் பயணிகளுக்கு உதவச் செய்யலாம் என்றார்கள். கேட்பதற்கு நியாயமான வாதம்தான். எண்ணும் தவறானது அன்று. ஆனால் அந்த எண் சொல்லாமல் விடுபவை சில உண்டு.

1. அது விற்பனையை அளக்கிறது, உதவியை அளக்கவில்லை. கவுண்டருக்கு வந்து வழி கேட்டவர், இயந்திரம் பணத்தை விழுங்கிவிட்டது என்று முறையிட்டவர், செயலியில் எடுத்த டிக்கெட்டைத் திருப்பித் தர முயன்றவர், ரயில் இரத்தானதும் அடுத்த வழியைக் கேட்டவர் ஆகிய எவரும் அந்த 12க்குள் வரமாட்டார்கள்.

2. அது சராசரி. நகரத்தின் பெரிய நிலையம், புறநகர் நிலையம், கடலோரச் சிற்றூர் என்று வேறுபாடு பாராமல் எடுத்த சராசரி, முதியவர்கள் மிகுந்த ஊர்களின் நிலைமையை மறைத்துவிடும்.

3. ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள் நடக்கும் ஒரு வலைப்பின்னலில் 12 விழுக்காடு என்பது கோடிக்கணக்கான பரிமாற்றங்கள். சிறுபான்மை என்பதால் அது சிறிய எண்ணிக்கை ஆகிவிடாது.

மேலும், அந்தச் சிறுபான்மையினர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். எளிய டிக்கெட்டுகள் இணையத்துக்குப் போய்விட்டன. கவுண்டரில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் சிக்கலானவை. மற்ற வழிகள் எல்லாம் கைவிட்டவர்கள் கடைசியாக வந்து நிற்கும் இடத்தை, கூட்டம் குறைந்துவிட்டது என்று சொல்லி மூடுவது சரியாகாது.

கட்டண முறையின் சிக்கல்

கவுண்டரின் தேவையைப் பெரிதாக்கியது பிரிட்டிஷ் கட்டண முறைதான். ஏறத்தாழ 5.5 கோடி வெவ்வேறு கட்டணங்கள் நடைமுறையில் உள்ளன என்று ரயில் நிறுவனங்களின் கூட்டமைப்பே 2018இல் கூறியது. ஒரே இரு ஊர்களுக்கு இடையே எந்த நேரத்திலும் செல்லும் டிக்கெட், நெரிசலற்ற நேரத்துக்கான டிக்கெட், குறிப்பிட்ட ரயிலுக்கு முன்கூட்டியே எடுக்கும் மலிவு டிக்கெட், ஒரு நிறுவனத்தின் ரயிலில் மட்டும் செல்லுபடியாகும் டிக்கெட் என்று பல வகைகள் உண்டு. அவற்றின் மேல் முதியோர், இளையோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கான ரயில்கார்டுகள் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி தருகின்றன. அத்தள்ளுபடிக்கும் சில கார்டுகளில் நேரக் கட்டுப்பாடு உண்டு.

ஒரு மூதாட்டி கவுண்டருக்கு வந்து, மகள் வீட்டுக்குப் போய் நாளை மாலை திரும்ப வேண்டும் என்று சொல்கிறார் என்று கொள்வோம். அனுபவமுள்ள ஊழியர் முதலில் விலையைச் சொல்ல மாட்டார், கேள்வி கேட்பார். காலை ஒன்பதரைக்குப் பிறகு கிளம்ப முடியுமா, ரயில்கார்டு இருக்கிறதா, வழியில் எங்காவது இறங்கிப் போக வேண்டுமா, திரும்பும் நேரம் உறுதியா என்று கேட்டு, அவற்றுக்கான விடைகளிலிருந்து டிக்கெட்டைத் தேர்ந்தெடுப்பார். இயந்திரத்தின் திரை இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. அது ஒரு பட்டியலைக் காட்டிவிட்டுத் தேர்வைப் பயணியின் தலையில் போடுகிறது. பட்டியலில் மேலே இருப்பது மலிவானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே நாள் பயணத்துக்கான டிக்கெட்டுகளை நிலைய இயந்திரத்தில் வாங்குவோர் இணையத்தில் வாங்குவோரைவிடக் கணிசமாகக் கூடுதல் பணம் கொடுக்க நேர்கிறது என்று ‘விச்?’ என்ற நுகர்வோர் அமைப்பு பின்னர் 2024இல் சுட்டிக்காட்டியது.

சில டிக்கெட்டுகள் இயந்திரத்தில் கிடைப்பதே இல்லை. சக்கர நாற்காலியிலேயே அமர்ந்து பயணம் செய்பவருக்கும், பார்வைக் குறைபாட்டுக்காகப் பதிவு பெற்று உதவியாளருடன் செல்பவருக்கும், ரயில்கார்டு இல்லாவிட்டாலும் சில வகை டிக்கெட்டுகளில் சலுகை உண்டு. அந்தச் சலுகை டிக்கெட்டை இணையத்திலோ இயந்திரத்திலோ எடுக்க முடியாது. நிலையத்தில் ஊழியரிடம்தான் வாங்க வேண்டும். யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவருக்கான டிக்கெட்டே கவுண்டரை நம்பியிருக்கும்போது கவுண்டரை மூடுவது எப்படிச் சரி என்ற கேள்விக்கு நிறுவனங்களிடம் நேரடியான விடை இருக்கவில்லை.

கவுண்டர் நேரம் என்பது ஆள் இருக்கும் நேரம்

இதுவே சர்ச்சையின் மையம் என்பது என் கருத்து. செய்திகளில் இதற்குக் கிடைத்த இடமோ மிகக் குறைவு.

ரயில்வே தனியார்மயமானபோது, 1995இல், டிக்கெட் விற்பனை தொடர்பாக எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை உருவானது. ‘டிக்கெட்டிங் அண்ட் செட்டில்மென்ட் அக்ரிமென்ட்’ என்பது அதன் பெயர். அதன் 17ஆவது அட்டவணை, எந்த நிலையத்தின் கவுண்டர் எந்தெந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. இந்த நேரங்களை நிறுவனம் தன் விருப்பம்போல் மாற்ற முடியாது. பொது அறிவிப்பு கொடுத்து, கருத்துக் கேட்டு, பயணிகள் அமைப்புகளின் பரிசீலனைக்கு உட்பட வேண்டும்.

நிலையத்தில் ஊழியர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்று வேறெந்தப் பொதுவான விதியும் இவ்வளவு திட்டவட்டமாகச் சொல்லவில்லை. ஆகவே அந்த அட்டவணை டிக்கெட் விற்பனை நேரத்தைக் குறிப்பதாக எழுதப்பட்டிருந்தாலும், நடைமுறையில் நிலையத்தில் மனிதர் இருக்கும் நேரத்துக்கான ஒரே உத்தரவாதமாக மாறிவிட்டது. காத்திருப்பு அறை திறந்திருப்பதும், கழிப்பறையின் பூட்டு திறக்கப்படுவதும், மின்தூக்கி நின்றுபோனால் யாரையாவது அழைக்க முடிவதும் பல சிறிய நிலையங்களில் அந்த நேரத்தை ஒட்டியே நடக்கின்றன. குளிர்கால மாலையில் தனியாக ரயிலுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, விளக்கெரியும் சன்னலுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்பதே ஒரு பாதுகாப்பு.

கவுண்டரை மூடினால் அட்டவணையில் அந்த நிலையத்துக்கான வரி நீங்கிவிடும். ஊழியர்கள் நடைமேடைக்கு வந்து உதவுவார்கள் என்று நிறுவனங்கள் சொன்னது நேர்மையான வாக்குறுதியாகவே இருக்கட்டும். அதை மூன்று ஆண்டுகள் கழித்து, இன்னொரு செலவுக் குறைப்பின்போது, யாரிடமும் அனுமதி பெறாமல் குறைக்கலாம் என்பதே கவலை. 2,000க்கும் மேற்பட்ட வேலைகள் பறிபோகும் என்று ஆர்.எம்.டி. தொழிற்சங்கம் எச்சரித்தது. பல நிறுவனங்களின் திட்டங்களிலேயே நிலைய ஊழியர்கள் பணியில் இருக்கும் நேரம் குறைக்கப்பட்டிருந்ததால், இந்தக் கவலையைக் கற்பனை என்று ஒதுக்க முடியவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் ஆட்சேபம்

எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றவர்கள் மாற்றுத்திறனாளிகள். பார்வையற்றோர் நலனுக்கான ஆர்.என்.ஐ.பி. அமைப்பு நடத்திய ஆய்வில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டுமே டிக்கெட் இயந்திரத்தைச் சிரமமின்றிப் பயன்படுத்த முடிவதாகக் கூறியிருந்தனர்.

காரணம் எளிது. தொடுதிரையில் விரல் தடவி உணரக்கூடிய பொத்தான் கிடையாது. ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் திரையில் கட்டங்கள் இடம் மாறுகின்றன. சற்று நேரம் தயங்கினால் திரை மீண்டும் முதலுக்கே போய்விடுகிறது. பணம் செலுத்தும் கருவி ஒரு பக்கம், டிக்கெட் விழும் குழி இன்னொரு பக்கம். நிலைமை இதுவாக இருக்க, கவுண்டர் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிறது. பல நிலையங்களில் தரையில் பதித்த மேடு பள்ளமுள்ள வழிகாட்டிக் கற்கள் நேராக அங்கே கொண்டுசேர்க்கின்றன. செவித்திறன் கருவி அணிந்தவர்களுக்கு ஒலியைத் தெளிவாகக் கடத்தும் வளையம் கவுண்டரில் பொருத்தப்பட்டிருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் எட்டும் உயரத்தில் ஒரு பலகையும் இருக்கும். “ஊழியர் நிலையத்தில் எங்காவது இருப்பார், தேடிக் கண்டுபிடியுங்கள்” என்று கண் தெரியாத ஒருவரிடம் சொல்வது உதவி ஆகாது.

சக்கர நாற்காலியோடு ரயிலில் ஏற, நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே யாராவது ஒரு சாய்பலகையை எடுத்துவந்து வைக்க வேண்டும். அதைச் செய்யும் ஊழியர்தான் பல நிலையங்களில் கவுண்டரிலும் அமர்பவர். அவர் பணியில் இருக்கும் நேரம் குறைந்தால், அந்த நிலையத்தைப் பயன்படுத்தும் உரிமை அவ்வளவு நேரத்துக்கு ஒரு பகுதி மக்களுக்கு இல்லாமல் போகும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் அடிப்படையில் சட்ட நடவடிக்கைகள் தொடங்கப்பட்டதற்கு இதுவே பின்னணி.

பணமாகக் கொடுப்பவரும் அபராதமும்

ரொக்கப் பணத்தையே நம்பியிருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் டிக்கெட் இல்லாப் பயணத்துக்கான அபராதம் 20 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்ந்தது. பயணக் கட்டணம் தனி. 21 நாட்களுக்குள் கட்டினால் அபராதம் பாதியாகும். நிலையத்தில் கவுண்டர் இல்லாமல், இயந்திரமும் ரொக்கம் வாங்காவிட்டால் ரயிலில் ஏறி முதல் வாய்ப்பில் பணம் செலுத்தலாம் என்று விதி இருக்கிறது. ஆனால், வாங்க முடியாமல் ஏறினேன் என்று பரிசோதகரிடம் விளக்க வேண்டிய நிலை பயணியுடையது. ஒரே ஆண்டில் தண்டனையை உயர்த்திவிட்டு வாங்கும் வழியைக் குறைக்க முன்வந்தது, திட்டத்தை வகுத்தவர்கள் பயணியின் இடத்திலிருந்து பார்க்கவில்லை என்பதைக் காட்டியது.

ஆட்சேபம் எப்படி வென்றது

எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதை வைத்து மட்டும் முடிவு மாறிவிடவில்லை. உடன்படிக்கையிலேயே வகுக்கப்பட்ட நடைமுறை ஒன்று இருந்தது. அதன் படிகள் இவை:

1. நிறுவனம் மாற்றத்தை நிலையங்களில் அறிவித்து, 21 நாட்கள் கருத்துக் கேட்க வேண்டும்.

2. கருத்துகள் ‘டிரான்ஸ்போர்ட் ஃபோக்கஸ்’ என்ற பயணிகள் கண்காணிப்பு அமைப்புக்கும், தலைநகர்ப் பகுதிக்கு ‘லண்டன் டிராவல்வாட்ச்’ அமைப்புக்கும் செல்லும்.

3. அவை இரு கேள்விகளைக் கேட்க வேண்டும்: மாற்றத்தால் சேவையின் தரமோ செலவுத் திறனோ மேம்படுகிறதா, மக்கள் பரவலாகவும் எளிதாகவும் டிக்கெட் வாங்கும் வாய்ப்பு தொடர்கிறதா.

4. அவை ஆட்சேபித்தால், நிறுவனம் திட்டத்தைக் கைவிடலாம் அல்லது இறுதி முடிவுக்காகப் போக்குவரத்து அமைச்சரிடம் கொண்டுபோகலாம்.

நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இதைச் செய்ய 21 நாட்கள் போதுமா என்பதே முதல் மோதல். பார்வையற்றோர் படிக்கும் வடிவங்களில் விவரங்கள் உரிய காலத்தில் கிடைக்கவில்லை என்ற புகார் எழுந்தது. மான்செஸ்டர் பெருநகரத்தின் ஆண்டி பர்னம், லிவர்பூல் வட்டாரத்தின் ஸ்டீவ் ரோத்தரம் உள்ளிட்ட ஐந்து மேயர்கள் வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்தார்கள். ஜூலை 26 என்ற கெடு செப்டம்பர் 1 வரை நீட்டிக்கப்பட்டது. மேலும் பல கருத்துகள் பதிவாக அந்தக் கூடுதல் ஐந்து வாரங்கள் உதவின. அக்டோபரில் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழுவும் இத்திட்டம் மிதமிஞ்சிய தூரம், மிதமிஞ்சிய வேகத்தில் செல்வதாக எழுதியது.

இரு கண்காணிப்பு அமைப்புகளும் நிறுவனங்களோடு பேசி, சில திட்டங்களைத் திருத்தவும் வைத்தன. ஆனாலும் அக்டோபர் 31 அன்று எல்லா முன்மொழிவுகளையும் ஆட்சேபித்தன. கவுண்டருக்குப் பதிலாக வரும் என்று சொல்லப்பட்ட வரவேற்பு முனையங்கள் நடைமுறையில் எப்படி இயங்கும் என்பது சோதித்துப் பார்க்கப்படவில்லை. எதிர்காலத்தில் ஊழியர் எண்ணிக்கையை எப்படி அளந்து கண்காணிப்பது என்பதற்கும் தெளிவான விடை இல்லை என்பவை அவற்றின் கவலைகளில் முக்கியமானவை. அன்றே அமைச்சர் மார்க் ஹார்ப்பர், திட்டங்கள் அரசு எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை என்று கூறி, அவற்றைத் திரும்பப் பெறச் சொன்னார்.

மற்ற இடங்களின் அனுபவம்

லண்டன் சுரங்க ரயிலின் கவுண்டர்கள் மூடப்பட்டதே, அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்டவர்கள் உண்டு. 2013 நவம்பரில் அறிவிக்கப்பட்டு அடுத்த சில ஆண்டுகளில் அவை மூடப்பட்டது உண்மைதான். ஆனால் சுரங்க ரயிலில் கட்டணம் மண்டலங்களின் அடிப்படையில் அமைந்தது. அட்டையைத் தட்டினால் கணினியே கணக்கிட்டுக்கொள்ளும். நிலையங்களில் ரயில் ஓடும் நேரம் முழுவதும் ஊழியர்கள் இருக்கிறார்கள். அந்த இரு நிபந்தனைகளும் நிறைவேறிய இடத்திலேயே, ஊழியரைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கிறது என்ற குறை 2016இல் நடந்த மதிப்பாய்வில் வெளிப்பட்டது.

ஜப்பானின் அனுபவம் இன்னும் பொருத்தமானது. ஜே.ஆர். ஈஸ்ட் நிறுவனம் 2021இல் தன் 440 டிக்கெட் கவுண்டர்களை 2025க்குள் 140ஆகக் குறைக்கத் திட்டமிட்டது. தொற்றுக்குப் பின் பயணிகள் திரும்பியபோது, மிஞ்சிய கவுண்டர்களில் நீண்ட வரிசைகள் நின்றன. சிக்கலான டிக்கெட் தேவைப்பட்டவர்கள் இயந்திரங்களிலிருந்து அங்கே திரும்பி வந்தார்கள். 2024 மே மாதம், எண்ணிக்கை 209ஆக இருந்த நிலையில், குறைப்பை நிறுத்திவைப்பதாக நிறுவனம் அறிவித்தது. தொழில்நுட்பத்தில் பின்தங்கிய நாடு என்று யாரும் ஜப்பானைச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது கவனிக்க வேண்டியது

2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு, ஒப்பந்தங்கள் முடிய முடிய ரயில் நிறுவனங்களைப் பொதுவுடைமையாக்கி வருகிறது. 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே முதலில் வந்தது. இறுதியில் ‘கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ்’ என்ற ஒரே அமைப்பு தண்டவாளத்தையும் ரயில்களையும் சேர்த்து நடத்தும். அப்போது 1995ஆம் ஆண்டின் உடன்படிக்கையின் அடித்தளமே மாறும். பல நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு, நிறுவனம் ஒன்றே என்றாகும்போது வேறு வடிவம் தேவைப்படும்.

கட்டண முறை எளிமையானால் கவுண்டர் விற்பனை இன்னும் குறையும். அதை எதிர்க்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, 17ஆவது அட்டவணையில் ஒவ்வொரு நிலையத்தின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டுள்ள அந்த மணிக்கணக்கு புதிய ஏற்பாட்டில் எந்த வடிவில் இடம்பெறப்போகிறது, அதைக் குறைக்க நினைப்பவர்கள் யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்பதே. டிக்கெட் விற்பனையோடு பிணைக்காமல், ஊழியர் நிலையத்தில் இருக்கும் நேரத்தையே நேரடியாக வரையறுக்கும் விதியாக அது எழுதப்பட்டால், கவுண்டரின் கண்ணாடியை அகற்றுவது பற்றி மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளோடும் பயணிகளோடும் அச்சமின்றிப் பேச முடியும்.